டிஸ்க் நின்ற நேரம்

நல்லம்பள்ளி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், கேழ்வரகு அரைக்கிற மில்லை ஒட்டிய வாடகை வீட்டில்தான் எங்கள் அலுவலகம் இருந்தது. எண்பதுகளின் கடைசி. மாவட்டத்தில் உள்ள கிணறுகளையெல்லாம் கணக்கெடுக்கிற திட்டம் அது. எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, எந்த மாதம் வற்றுகிறது, மோட்டார் இருக்கிறதா இல்லையா என்று ஆட்கள் ஊர் ஊராகப் போய் அட்டையில் குறித்துக்கொண்டு வருவார்கள். சித்தேரி மலைக்கும் வத்தல்மலைக்கும் நடந்தே ஏறி இறங்கி வந்தவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுவந்து கொட்டியதையெல்லாம் நாங்கள் மூன்று பேர் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும்.

பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர்களும் அங்கிருந்துதான் வந்தன, ஏற்கெனவே யாரோ பயன்படுத்திக் கழித்தவை. மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்கிற கம்ப்யூட்டர் என்று சொன்னார்கள். அந்தக் கனத்தை எங்கள் யார் மடியும் தாங்காது என்பதால் மேஜைமேல்தான் வைத்திருந்தோம். நாங்கள் அதைப் பெட்டி என்போம். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் என்பதற்காகவே இந்த வகையைக் கொடுத்தார்களாம். எங்கள் பக்கத்து மின்சாரத்தைப் பற்றி அந்த வெள்ளைக்காரர்களுக்கு யாரோ ஒழுங்காக எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு அப்போது முப்பது வயதை ஒட்டி. டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தேன். கம்பைநல்லூர்ப் பக்கம் நிலம் வைத்துப் பிழைத்த கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் போனபிறகு அண்ணன் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். அந்த ஆள் என் சம்பளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், என்னைப் பார்க்க வந்தாரா என் ஆபீசைப் பார்க்க வந்தாரா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். அண்ணனுக்குக் கோபம் அதைவிட நீளம். அதற்குப் பிறகு தருமபுரியில் ஒரு சந்துக்குள் பின்கட்டு அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தனியாக இருந்தேன். அண்ணனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்த செய்தி மாதா கோயில் வாசலில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

காலையில் எழுந்து சமைத்து, சாப்பிட்டு, பூட்டி, பஸ் ஏறுகிறவரை ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது. கண்டக்டரிடம் 'நல்லம்பள்ளி ஒன்னு' என்பேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு அதுதான். சில நாள் தொண்டை கட்டிப்போய் அதுவும் சரியாக வராது, திருப்பிச் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிற வேலை இல்லை. பூசையில் எல்லாரோடும் சேர்ந்து ஜெபம் சொல்வதுதான் அன்றைய பேச்சு. கூட்டத்தோடு சேர்ந்து சொல்லுகிற பேச்சைப் பேச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் முன்னறையில் பொறுப்பாளரும் அரூர்க்காரர் ஒருவரும் இருந்தார்கள். உள்ளறையில் நானும் ஓர் அக்காவும். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். பெண்ணாகரத்துக்கு மேலே பிறந்து நல்லம்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய வீட்டுக்காரர் பஸ் நிறுத்தத்திலேயே, எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். அக்கா வேலையில் கறார். தட்டிக்கொண்டிருக்கும்போது பேசமாட்டார். பேச்சுவாக்கில் ஐம்பது அடிக் கிணற்றை ஐந்நூறு அடி என்று ஒருமுறை ஏற்றிவிட்டாராம், அன்றிலிருந்து அப்படி. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். சாயங்காலம் மணி அடித்த மாதிரி எழுந்து போய்விடுவார். பக்கத்துப் பக்கத்து மேஜையில் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தும், சேர்ந்த புதிதில் எங்களுக்குள் 'வாங்க', 'வரேங்க' தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

பேச்சைக் கொண்டுவந்தது அந்தப் பெட்டியில் இருந்த ஒரு கோளாறு.

நாலைந்து அட்டைகளை ஏற்றியபிறகு சேமிப்பதற்குச் சாவிப்பலகையில் ஒரு சாவியை அழுத்தவேண்டும். அழுத்தினால் சில நேரம் உடனே முடியும். சில நேரம் பெட்டி அப்படியே நின்றுவிடும். உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க் உய்யென்று சுழல ஆரம்பிக்கும், ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மூலையில் ஒரு சிறிய விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். திரையில் எழுத்து நகராது. ஒரு தம்ளர் காப்பி ஆறுகிற நேரம்கூட நின்றதுண்டு.

எங்கள் ஊரில் சுழலுகிறது எதுவானாலும் அது பம்புசெட்டுதான். ஆகவே அரூர்க்காரர் ஒரே போடாக, உள்ளே காற்றுப் பிடித்துக்கொண்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கிணற்று மோட்டார் காற்றுப் பிடித்தால் வாயில் தண்ணீர் ஊற்றி எடுக்கலாம், இதற்கு எதை ஊற்றுவது என்பதுதான் அவருக்குப் பிரச்சினை. வோல்டேஜ் குறைவு என்றார் பொறுப்பாளர். மில்லிலிருந்து வருகிற மாவுத் தூசி என்று நான் சொன்னேன். நான் சொன்னதில் மட்டும்தான் கொஞ்சம் அறிவு இருந்தது, அதுவும் தப்பு.

பெட்டிகளைக் கொடுத்தபோது பயிற்சிக்கு வந்தவர் ஒரு விதி சொல்லியிருந்தார். விளக்கு எரிகிறவரை சாவிப்பலகையில் கை வைக்கக்கூடாது, வைத்தால் ஏற்றியது அத்தனையும் போய்விடும். அதனால் விளக்கு எரிந்ததும் நாங்கள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம். பூசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

அப்படித் தன் பெட்டி நின்று கையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அக்கா தானாகப் பேசினார். என்னைப் பார்த்துக்கூடப் பேசவில்லை, விளக்கைப் பார்த்துப் பேசினார்.

"வூட்டுலயும் இப்படித்தாங்க. நின்னுபோச்சுன்னா நின்னதுதான்."

என்ன நின்றுபோச்சு என்று கேட்டேன். அவருடைய வீட்டுக்காரர் அவரோடு பேசி நாலு வருஷம் ஆகிறது என்றார். சண்டை இல்லை, அடி இல்லை, குடி இல்லை. சம்பாதிப்பதைக் கொண்டுவந்து அலமாரியில் வைக்கிறார். போட்டதைச் சாப்பிடுகிறார். பேச்சு மட்டும் கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் விளக்கு அணைந்தது. அக்கா 'ஆய்த்து' என்றார். ஆயிற்று என்பதை அவர் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. அந்த மனிதரை நான் தினமும் பார்க்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் தெரிவது அவர் கடை. செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே போகிறவர் வருகிறவர் எல்லாரையும் வம்புக்கு இழுப்பார். எனக்கே ஒருமுறை, அம்மா குடையை மறந்துவிட்டீர்கள் என்று கூப்பிட்டுக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் பேச்சை வாரி இறைத்துவிட்டு வீட்டுக்குள் வாயைத் தைத்துக்கொள்கிற ஆண்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுதினால் அச்சாகாது.

அதற்குப் பிறகு அக்காவின் பெட்டி நிற்கும்போதெல்லாம் கதை நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். பிள்ளை வழியாகத்தான் வீட்டில் பேச்சு நடக்கிறது, 'அப்பாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட கேளு' என்று. பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டால் தட்டை வைக்கிற சத்தம்தான். கோபமாக இருக்கிறாரா, மனம் ஆறிவிட்டதா என்று தட்டு தரையில் படுகிற சத்தத்தை வைத்து அக்கா கண்டுபிடிப்பாராம். திட்டினால்கூடத் தேவலை என்றார் ஒருநாள். திட்டுவதற்காகவாவது என் முகத்தைப் பார்ப்பார் இல்லையா என்றார்.

நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் பெட்டி ஓடிக்கொண்டிருந்தாலும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். யாரோ ஒருவர் தன்னுடையதை எடுத்து என்னிடம் வைக்கிறார் என்பது எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. சாயங்காலம் அறைக்குப் போய்ச் சோறு வடிக்கும்போது அன்றைக்குக் கேட்டதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பேன். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு வந்து சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தேன்.

என் பெட்டியும் நிற்கத்தான் செய்தது. அப்போது அக்கா பேசமாட்டார். அவர் பெட்டி ஓடுகிறதே, அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பார். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னுடையது நின்றால் வெறும் நேரம் வீண், அவருடையது நின்றால்தான் எனக்குத் துணை என்று கணக்கு ஆகிவிட்டது. தினமும் காலையில் பஸ்ஸில் வரும்போது அக்காவின் பெட்டி இன்றைக்கு நன்றாக நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். சேசுவிடம் இப்படி ஒரு கோரிக்கையை நல்லம்பள்ளியில் வேறு யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. மொரப்பூர் வரைக்கும் போனேன். கம்பைநல்லூர் பஸ்ஸுக்காக நின்றேன். வந்த பஸ்ஸில் ஏறாமல் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நின்றேன், அதிலும் ஏறவில்லை. கடைத்தெருவில் முறுக்கும் அதிரசமும் வாங்கிக்கொண்டு தருமபுரிக்கே திரும்பிவிட்டேன். மறுநாள் அதை ஒரு தூக்குப் போசியில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அக்கா ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, உங்க அண்ணிக்குக் கைப்பக்குவம் நல்லா இருக்குது என்றார். நான் அண்ணி செய்தது என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. போசியை மூடி வைத்தேன்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் அக்காவின் கதை முக்கியமான இடத்துக்கு வந்தது. எதனால் அவர் பேச்சை நிறுத்தினார் என்கிற இடம். நான் அதுவரை கேட்காமல் பொறுத்திருந்தேன், என் சுபாவத்துக்கு அது பெரிய தவம். அன்று பெட்டி நின்றது. டிஸ்க் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நிலத்தில் போர் போட்டார்களாம். முதலாவது பொய்த்துப்போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது போருக்கு அக்காவின் தாலிக்கொடியை அடகு வைத்தார்கள். அதிலும் வெறும் புழுதிதான் வந்தது.

"போர் வண்டி கெளம்பிப் போயிருச்சுங்க. அவரு அந்தக் குழிகிட்டயே உக்காந்திருந்தாரு. நான் பக்கத்துல போனேன். போயி ஒரே ஒரு வார்த்தைதாங்க சொன்னேன்."

விளக்கு அணைந்தது. அக்கா 'ஆய்த்து' என்று சொல்லிவிட்டுக் கையைச் சாவிப்பலகைக்குக் கொண்டுபோனார். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போனது எனக்கு. நாளைக்கு எப்படியும் நிற்கும் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மெட்ராஸிலிருந்து ஒரு என்ஜினியர் வந்து இறங்கினார்.

சின்ன வயசுப் பையன். ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் பிளாப்பி வைத்திருந்தார். நின்றுபோகிற கோளாறுக்கு மருந்து இதில் இருக்கிறது, கம்பெனிக்காரர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்றார். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, கொஞ்ச நேரம் வேலை இல்லையென்றால் டிஸ்க் தானே சுற்றுவதை நிறுத்திக்கொள்ளுமாம். நாங்கள் சேமிக்கச் சொல்லும்போது தூக்கத்திலிருந்து எழுந்து வரவேண்டியிருக்கிறது, பழைய டிஸ்க் என்பதால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறது. இந்த பிளாப்பியைப் போட்டால் டிஸ்க் தூங்காது, சுற்றிக்கொண்டேயிருக்கும், அவ்வளவுதான். காற்றும் இல்லை, வோல்டேஜும் இல்லை, மாவுத்தூசியும் இல்லை. ஒவ்வொரு பெட்டியாக உட்கார்ந்து பிளாப்பியைச் சொருகி என்னவோ தட்டினார். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வருகிறேன், எப்படி இருக்கிறது என்று எல்லாரும் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

சாயங்காலம் அக்கா சேமிக்கிற சாவியை அழுத்திவிட்டுப் பழக்கத்தில் கையை மடிக்குக் கொண்டுபோனார். நானும் கொண்டுபோனேன். கை மடியைத் தொடுவதற்கு முன்னாலேயே சேமித்தாகிவிட்டது. அக்கா ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு அடுத்த அட்டையை எடுத்தார். 'ஆய்த்து' என்று சொல்லக்கூட இடம் இல்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஒரு மாதமும் எனக்கு இந்தப் பழமொழிதான் வாயில் வந்தது.

மற்றவர்களுக்கு ஆளுக்கொரு எண்ணம். பொறுப்பாளருக்கு ஒரே குஷி, அட்டைக் கட்டுகள் கரைந்துகொண்டிருந்தன. ஆனால் கரண்ட் போனால் பேட்டரி முன்பு தாங்கிய அளவு தாங்கவில்லை என்பதை அவரே கண்டுபிடித்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அரூர்க்காரருக்கு நெஞ்சு பதறியது. மோட்டாரை ஓயாமல் ஓட்டினால் காயில் எரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்த சத்தியம். அவருடைய ஊரில் இராத்திரி பூரா மோட்டார் ஓட்டிக் காயிலை எரித்தவர்கள் கதையெல்லாம் சொன்னார். அதனால் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் பெட்டியைச் சுத்தமாக அணைத்து, மேலே ஒரு ஈரத்துண்டைப் பிழிந்து போட்டுவிட்டுப் போவார். பெட்டி சூடு ஆறியபிறகு திரும்ப வந்து அதை ஓடவிடுவார். பெட்டி எழுந்து வருவதற்கே நேரம் சரியாகிவிடும். முன்பு நின்று போன நேரத்தைவிட இப்போது அவர் தானே நிறுத்திவைத்த நேரம்தான் அதிகம். ஈரத்துண்டு விஷயம் தெரிந்து பொறுப்பாளர் சத்தம் போட்டபிறகு காய்ந்த துண்டைப் போட்டார்.

அக்காவின் மிச்சக் கதையைக் கேட்க நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். மத்தியானம் அவர் வீட்டுக்குப் போகும்போது நானும் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் நடந்தேன். அக்கா வெயிலில் வேகமாக நடந்தார், அவருக்குப் போய் உலையில் அரிசி போடவேண்டிய நினைப்பு. கரண்ட் போய், பேட்டரியும் போய், பெட்டிகள் செத்துக் கிடந்த ஒரு மத்தியானம் இதுதான் சமயம் என்று நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தேன். அக்கா எழுந்து அட்டைகளை ஊர்வாரியாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். கை சும்மா இருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும் போலிருக்கிறது. அந்த ஒரு வார்த்தை என்ன என்று நேராகக் கேட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் மாப்பிள்ளையைக் கேட்ட வாய், அக்காவிடம் கேட்கத் திறக்கவில்லை. ஓரொரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தக் காயில் கடையைப் பார்க்கும்போது, இந்த மனிதருக்கு அந்த வார்த்தை தெரியும், எனக்குத் தெரியாது என்று பொறாமையாகக்கூட இருந்தது.

சொன்னபடி ஒரு மாதம் கழித்து என்ஜினியர் வந்தார். முன்னறையில் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டார். பொறுப்பாளர் பிரமாதம் என்றார், பேட்டரியைப் பற்றியும் கடைசியில் முனகினார். அரூர்க்காரர் காயில் எரிகிற ஆபத்தைப் பற்றி நீளமாகச் சொன்னார், என்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். என்னிடம் வந்தபோது, பழையபடியே மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். நிற்பது போய்விட்டதல்லவா, பிறகு என்ன குறை என்று கேட்டார். பேட்டரி என்றேன். எல்லாருக்கும் அதுதான் குறை என்பதால் அவர் நம்பிவிட்டார். பேட்டரி வேண்டுமென்றால் பெட்டி நிற்கும், பெட்டி நிற்காமல் வேண்டுமென்றால் பேட்டரி போகும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது மேடம் என்றார். உங்கள் பெட்டிக்கு மட்டும் வேண்டுமானால் பழையதைப் போட்டுத் தருகிறேன், ஒன்றும் கஷ்டமில்லை என்றார்.

என் பெட்டி நின்று எனக்கு என்ன ஆகப்போகிறது? நிற்கவேண்டியது பக்கத்துப் பெட்டி. அதை எப்படிச் சொல்வது? உள்ளறைப் பெட்டி இரண்டுக்கும் போட்டுவிடுங்கள், அங்கேதான் கரண்ட் அடிக்கடி போகிறது என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். ஒரே வீட்டில் உள்ளறைக்கு மட்டும் எப்படிக் கரண்ட் போகும் என்று யாரும் கேட்காதது என் அதிர்ஷ்டம். என்ஜினியர் அக்காவைப் பார்த்தார்.

"எனக்கு வேணாங்க. நிக்கறதுக்கு மருந்து வேணும்னு எழுதிக் கேக்கச் சொன்னதே நான்தானுங்க" என்றார் அக்கா.

பொறுப்பாளரும் ஆமாம் என்று தலையாட்டினார். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அந்தம்மாதான் வந்து கேட்டது, நான்தான் மெட்ராஸுக்கு எழுதினேன் என்றார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. என் பெட்டிக்கு மட்டும் பழையதைப் போட்டுக் கொடுத்துவிட்டு என்ஜினியர் போய்விட்டார். கேட்டு வாங்கியதை வேண்டாம் என்று சொல்ல என் ரோஷம் விடவில்லை.

அதற்குப் பிறகு நிற்கிற பெட்டி அந்த அலுவலகத்தில் ஒன்றே ஒன்று, அது என்னுடையது. நான் சில நாள் 'வாங்க', 'வரேங்க'வைக்கூட நிறுத்திவிட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் செய்வதையே நானும் செய்கிறேன் என்று தோன்றியபோது சகிக்கவில்லை. ஒரு சாயங்காலம் அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் என் நாற்காலியிலிருந்து எழாமலே, நான் கேட்டுக்கொண்டிருந்தது உங்களுக்குத் தொந்தரவாக இருந்ததா அக்கா என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன். குரல் வேறு மாதிரி வந்தது.

அக்கா பையை மேஜைமேல் வைத்தார். கை இரண்டும் சும்மா இருந்தன. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"தொந்தரவு இல்லீங்க. எம் பொட்டி நின்னா எனக்குப் பேச்சு வந்துருது. வந்ததெல்லாம் உங்ககிட்ட குடுத்துட்டேன். உங்களோடது ஒன்னுகூட எங்கிட்ட இல்லீங்களே. வூட்டுக்குப் போனா அதுவே நெனப்பு, பயமா இருந்துச்சு. உங்க பொட்டி நிக்கறப்பல்லாம் நான் மெதுவாத்தான் தட்டிக்கிட்டு இருந்தேன். ஏதாச்சும் சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு. நீங்க அந்த வெளக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மில் ஓய்ந்து தெரு அமைதியாக இருந்தது. அவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு. கேட்பது ஒரு குற்றமா? கேட்கிறவர் பதிலுக்குப் படியளக்கவேண்டும் என்று யார் விதி போட்டது? வாய் நீளம் என்று ஊரே சொல்கிற எனக்கு, என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று யாரும் அதுவரை எதிர்பார்த்ததில்லை. எதிர்பார்த்த ஒருவர் முழங்கை தூரத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வேக வித்தியாசம் எனக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கு அறைக்குப் போய்ச் சோறு வடிக்கும்போது நாளைக்கு எதைச் சொல்வது என்று தேடினேன். அண்ணன் கதை வேண்டாம், அதைச் சொன்னால் கோபம்தான் வரும். கடைசியில் முறுக்கு ஞாபகம் வந்தது. அக்கா, அன்றைக்கு நான் கொண்டுவந்த முறுக்கு அண்ணி சுட்டது இல்லை, மொரப்பூர் கடையில் வாங்கியது, நான் ஊருக்கே போகவில்லை, பஸ்ஸில் ஏறப் பயமாக இருந்தது. இவ்வளவுதான். சின்ன விஷயம்தான், ஆனால் என்னிடம் இருந்ததில் உண்மையானது அதுதான். அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். காலையில் பஸ்ஸில் உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்ததில் நல்லம்பள்ளியைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

பதினோரு மணி வாக்கில் என் பெட்டி நின்றது. டிஸ்க் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. விளக்கு எரிந்தது. நான் கையை மடிக்குக் கொண்டுபோனேன். பக்கத்தில் அக்காவின் விரல்கள் மெதுவாவது இந்த முறை எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஓர் எழுத்து, ஓர் இடைவெளி, ஓர் எழுத்து. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, இல்லீங்க்கா?" என்றேன்.

"ஆமாங்க" என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அவருடைய விரல்கள் பழைய வேகத்துக்குப் போய்விட்டன. என் பெட்டியில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.